குப்பிக்குப் பத்து

எண்பது சதவீதத்தைத் தொட இன்னும் இருபத்து மூன்றே பேர். சென்ற வார முடிவில் குழாய்க்காரர் தம் வண்டியிலிருந்து இதை அறிவித்தபோது, பதினான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த சந்தை வளாகத்தின் வாசலில் நின்றவர்கள் கை தட்டியதை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். வயது வந்த நாலாயிரம் பேரில் மூவாயிரத்து இருநூறு பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் மறுநாளே சந்தை திறக்கும் என்பது நகர அலுவலகம் கொடுத்திருந்த வாக்கு.

குழாய்க்காரர் என்பது அவருடைய வண்டியின் மேல் கட்டியிருக்கும் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளால் வந்த பெயர். மாலை ஐந்து மணிக்கு அவர் தொண்டையைச் செருமினால் ஊரே வேலையை நிறுத்திக் காது கொடுக்கும். இன்று எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில், எத்தனை பேருக்கு ஊசி என்று அவர் படிக்கும் தாளை எழுதுபவர் அவர் மனைவி. நகர அலுவலகத்தில் எழுத்தர். சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூடக் கணக்கிட்டுத்தான் பதில் சொல்வார் என்று கேலி பேசி, உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் சதவீதம்மா.

ஊசி போடுபவர் குழாய்க்காரரின் அக்கா. ஊருக்கு நர்ஸக்கா. அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறார்.

நாத்தனாரும் தம்பி மனைவியும் பேசிக்கொண்டு எட்டு மாதமாகிறது. சதவீதம்மாவின் தாயார் மருத்துவமனையில் கடைசி மூச்சுக்குத் தவித்த அன்று, வார்டின் கதவை உள்ளிருந்து தாழிட்டவர் நர்ஸக்காதான். யாரையும் விடக்கூடாது என்பது விதி. விதி தெரிந்தவர்தான் சதவீதம்மாவும். ஆனாலும் அந்தத் தாழ்ப்பாளின் ஓசை அவர் காதை விட்டுப் போகவில்லை.

இன்று காலை ஒன்பதரை மணி. அலுவலகத்தில் தம் மேசைக்கு முன் உட்கார்ந்து, சதவீதம்மா புதுப் பேனாவைத் திறந்தார். அன்றைய தாளை அழகாக எழுத வேண்டும் என்று ஆசை. நாத்தனார் வாராவாரம் மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகும் சீட்டைக் கணவர் எடுத்து வந்து கொடுத்திருந்தார். வழக்கம்போல் அதில் ஒரே வரி: 'கரைத்தெரு, 4 குப்பி.'

ஒரு குப்பியில் பத்து ஊசி மருந்து. நாலு குப்பி என்றால் நாற்பது பேர். மூவாயிரத்து நூற்று எழுபத்தேழுடன் நாற்பதைக் கூட்டினார். மூவாயிரத்து இருநூற்றுப் பதினேழு. தாண்டியாகிவிட்டது!

"என்ன சதவீதம்மா, முகக்கவசத்துக்கு உள்ளேயே சிரிக்கிறீங்க?" என்றார் அடுத்த மேசை தட்டச்சர்.

"சாயங்காலம் தெரியும்."

திறப்பை அறிவிக்கும் நாளாயிற்றே, தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுத்தால் கேட்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கரைத்தெருவை முதலில் எடுத்தார். அங்கே முகாம் தொடங்கி ஏழு வாரம். இதுவரை நாற்பத்து மூன்று குப்பி. அப்படியானால் நானூற்று முப்பது பேர்.

வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். கரைத்தெருவில் வயது வந்தவர்கள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

மீண்டும் கூட்டினார். மாறவில்லை. தெருவில் இருப்பவர்களைவிட ஊசி போட்டுக்கொண்டவர்கள் பதினெட்டுப் பேர் அதிகம்.

பேனா மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. பெருமையோடு எத்தனை மாலை எழுதிக் கொடுத்திருப்பார், 'ஊரிலேயே முதலிடம் கரைத்தெரு' என்று! அந்தக் கரைத்தெருவில்தான் நேற்று மட்டும் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். அவ்வளவு பேர் ஊசி போட்ட தெருவில் இது எப்படி என்று நேற்றே மனம் ஒரு கணம் இடறியது. சந்தை திறக்கும் மகிழ்ச்சியில் அதைத் தள்ளிவிட்டார்.

குப்பிக்குப் பத்து. யார் சொன்னது அப்படி? ஒருவரும் சொல்லவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டது. வாரம் ஒருமுறை முகாமுக்குப் போய், பதிவேட்டிலிருந்து பெயர்களை எண்ணி வருவதே முறை. முகாமில் நாத்தனார் இருந்தார். எதிரெதிரே அரை மணி நேரம் உட்கார வேண்டும். அதற்கு மனம் வராமல், மருந்துக் கிடங்குக்காக எழுதப்பட்ட சீட்டைக் கொண்டே ஏழு வாரத்தை ஓட்டிவிட்டார். மற்ற மூன்று முகாம்களுக்கும் அதே பெருக்கல்தான்.

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வெயிலே இல்லையே, எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் தட்டச்சர்.

பதில் சொல்லாமல் படியிறங்கினார்.

ஊரில் ஒரு கதை உண்டு: ஒரு குளத்தில் இரண்டு தவளைகள் காவல் இருந்தனவாம். கரைத்தவளை வானத்தைப் பார்க்கும். நீர்த்தவளை படிக்கட்டைப் பார்க்கும். ஏதோ ஒரு மழைக்காலச் சண்டையில் இரண்டும் பேச்சை நிறுத்திக்கொண்டன. கரைத்தவளை ஒரு மேகம் கண்டால் ஒரு முறை கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு படி நீர் ஏறப்போகிறது என்று நீர்த்தவளை மீன்களிடம் சொல்லும். மீன்கள் நம்பி, ஆழத்தை விட்டு மேல்படிக்குக் குடித்தனத்தை மாற்றிக்கொண்டன. மேகங்கள் வந்தன, போயின. சேறு காயத் தொடங்கிய நாளில் ஆமை வந்து, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றதாம். 'அது முதலில் பேசட்டும் என்று இருந்தேன்' என்றனவாம் இரண்டும், ஒரே குரலில்.

சதவீதம்மா நடந்த நடையில் குடை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

கரைத்தெரு முகாம் ஒரு பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பறையில் நடந்தது. குழந்தைகளின் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் மார்பில் இடிக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸக்கா ஒருவரின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"அக்கா."

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை. நர்ஸக்காவின் கை நின்றது.

"ஒரு குப்பி திறந்தா எத்தனை பேருக்குப் போடுவீங்க?"

"வந்தவங்களுக்கு."

"எத்தனை பேர் வருவாங்க?"

"நாலு. அஞ்சு. ஒரு நாள் ரெண்டே பேர். ஒருத்தர் வந்தாலும் திருப்பி அனுப்பாதே, குப்பியைத் திறன்னு மேலே உத்தரவு. சாயங்காலம் மிச்சத்தைக் கொட்டிடணும். ஏன் கேக்கறே?"

சதவீதம்மா ஒரு குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் குப்பிக்குப் பத்துன்னு பெருக்கிட்டேன்."

நர்ஸக்கா புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. "பதிவேடு இங்கேதானே இருந்தது? வந்து எண்ணிக்க வேண்டியது உன் வேலைதானே?"

"நான் ஏழு வாரமா வரலைன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வரலைன்னா எனக்கென்னன்னு இருந்தேன்."

"அதான். கதவை மூடிக்கிறதுல நீங்க கெட்டிக்காரங்களாச்சே."

பெஞ்சில் இருந்த மூவரும் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். நர்ஸக்காவின் முகத்தில் கண்கள் மட்டுமே தெரிந்தன. அவை ஒரு முறை மூடித் திறந்தன. அலமாரியிலிருந்து தடிமனான பதிவேட்டை எடுத்து வந்து, தம்பி மனைவியின் முன் வைத்தார்.

"எண்ணு. இவங்களை முடிச்சிட்டு நானும் வரேன். நான் பேரைப் படிக்கிறேன், நீ கோடு போடு."

கரைத்தெரு முடிவதற்குள் பன்னிரண்டு மணியாயிற்று. நூற்று எழுபத்தொன்று. மற்ற மூன்று முகாம்களின் சிறு பதிவேடுகளையும் வரவழைத்து, விடுபட்ட பெயர்களை இதில் ஏற்றினார்கள். நர்ஸக்காவின் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது. இரண்டரை மணிக்கு சதவீதம்மா கடைசிக் கூட்டலின் கீழ் இரட்டைக் கோடு போட்டார். இரண்டாயிரத்து நானூற்று அறுபத்தெட்டு. அறுபத்திரண்டு சதவீதம்கூட முழுதாக இல்லை.

"அஞ்சு மணிக்கு அவன் படிக்கணுமே" என்றார் நர்ஸக்கா.

"தெரியும்."

அலுவலகத் தலைவர் தாளை இரண்டு விரலால் வாங்கிப் படித்தார். சுவரில் சாய்த்திருந்த தட்டியில், 'நாளை முதல் நம் சந்தை' என்று பெரிய எழுத்தில் மை இன்னும் பளபளத்தது.

"உட்காருங்க. பதறாதீங்க. நாளைக்குத் திறந்திடுவோம். அப்புறம் கணக்கை மெல்ல மெல்லச் சரி பண்ணிக்கலாம். தினம் இருபது முப்பதுன்னு குறைச்சுக்கிட்டே வந்தா யாருக்குத் தெரியும்?"

"ஊசி போட்டவங்க எண்ணிக்கை எப்படி சார் குறையும்? போட்டதைத் திருப்பி எடுத்துக்கிட்டோம்னு சொல்லவா?"

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சந்தையை நம்பி எத்தனை குடும்பம் காத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். கரைத்தெருவுல நேத்து ஒன்பது பேர் படுத்துட்டாங்க. நாளைக்கு அந்தத் தெருவே சந்தையில வந்து நிக்கும், போட்டாச்சுங்கிற தைரியத்துல. போட்டவங்க பாதிகூட இல்ல."

"பிழை உங்க பேர்லதான் எழுத வேண்டியிருக்கும். வேலைக்கே உலை வைக்கிற விஷயம்."

"என் பிழைதானே சார்."

அவர் தாளைத் திருப்பி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருக்கு. இந்தத் தாளை நான் பார்க்கலை. போங்க" என்றார். தடுத்தாரா, விட்டாரா என்பது வாசல் தாண்டும்வரை சதவீதம்மாவுக்கு விளங்கவில்லை. நின்று யோசிக்க நேரமும் இல்லை.

சந்தை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, குழாய்க்காரர் வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை. தலையில் படிய வாரிய முடி. எதிரே துணிக்கடைக்காரர் தம் கடையின் கண்ணாடிக் கதவை மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீயே வந்துட்டியா? தாளைக் குடு, குடு. ரெண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கணும். 'பெரியோர்களே, தாய்மார்களே, பதினாலு மாதக் காத்திருப்பு...' எப்படி இருக்கு?"

சதவீதம்மா தாளைக் கொடுத்தார். குழாய்க்காரர் படித்தார். மறுபடி படித்தார். வெந்நீர்க் குவளை சாய்ந்து சலவைச் சட்டையை நனைத்தது.

"ஏழு வாரமா நான் பொய்யா படிச்சேன்?"

"நான் எழுதினதைப் படிச்சீங்க."

"எழுதினவ முகம் ஜனங்களுக்குத் தெரியாதும்மா. என் தொண்டைதான் தெரியும். இந்தத் தொண்டையால இனிமே மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட வெளியே வந்து கையை நீட்டிப் பார்ப்பாங்க."

"அப்போ நான் படிக்கிறேன்."

"நீயா? உனக்கு நாலு பேர் முன்னாடி பேசினா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குமே!"

"ஒட்டினா ஒட்டட்டும்."

ஐந்து மணி. கூட்டம் இடைவெளி விட்டு வட்டம் வட்டமாக நின்றது. குழாய்க்காரர் செருமினார், ஊர் அமைதியாயிற்று. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கியவர் அதற்கு மேல் போக முடியாமல் மனைவியைப் பார்த்தார். சதவீதம்மா மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இந்தத் தாளை எழுதறது நான். ஏழு வாரமாத் தப்பா எழுதிட்டேன். திறந்த குப்பியை எண்ணினேன், ஆளை எண்ணலை. மூவாயிரத்து இருநூறு இல்லீங்க. ரெண்டாயிரத்து நானூற்று அறுபத்தெட்டு."

குழாய்களில் அவர் மூச்சு பெரிதாகக் கேட்டது.

"பதிவேட்டைப் பார்த்து எழுதணும். நான் பார்க்கப் போகலை. அங்கே என் நாத்தனார் இருந்தாங்க. வீட்டுல எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அதான் காரணம். வேற காரணம் சொல்ல எனக்குத் தெரியலை."

துணிக்கடைக்காரர் துடைக்கும் துணியைக் கீழே எறிந்தார். "நாத்தனார் சண்டைக்கு ஊரே கதவைச் சாத்தணுமாம்மா? நாளைக்குத் திறக்க முடியுமா முடியாதா?"

"முடியாதுங்க."

"இனிமே நீங்க சொல்ற கணக்கை எவன் நம்புவான்?"

"நம்பாதீங்க. பதிவேடு பள்ளிக்கூடத்துல திறந்தே இருக்கும். இன்னைக்கு ஏழு மணி வரைக்கும், நாளைக்கும், அதுக்கு அப்புறமும். உங்க பேர் இருக்கா, உங்க வீட்டு ஆள் பேர் இருக்கான்னு நீங்களே வந்து பாருங்க."

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். 'கணக்குல புலின்னாங்களே!' என்று ஒரு குரல். சதவீதம்மாவின் காது மடல்கள் எரிந்தன. பின்வரிசையிலிருந்து கரைத்தெருச் சலவைக்காரர் கையைத் தூக்கினார்.

"ஏங்க, எங்க தெரு முதலிடம்னு சொன்னீங்களே. நான் போடலீங்க. என் பொண்டாட்டியும் போடலை. ஊரே போட்டாச்சே, நாம ஒருத்தன் போடாட்டி என்னன்னு இருந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருப்பான்னு நான் நினைச்சேன்..." என்று திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடினார்.

பக்கத்து வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "நான் உன்னைத்தான்யா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள், அவர்களும் போடாதவர்கள். துணிக்கடைக்காரர் கண்ணாடிக் கதவைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சதவீதம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார். சலவைக்காரர் பின்னால் போனார். இன்னும் சிலர் போனார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"நீ அக்காவுக்கு உதவியாப் போ" என்றார் குழாய்க்காரர், மனைவியின் கையிலிருந்து மைக்கை மெதுவாக விடுவித்து. "தெருத்தெருவா நான் போய்ச் சொல்றேன். சொன்ன வாய்தானே திருத்தவும் செய்யணும்."

ஆறரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். ஏழு வாரத்தில் முதன்முறையாக நர்ஸக்கா ஒரு குப்பியில் பத்துப் பேருக்குப் போட்டு முடித்து, அடுத்த குப்பியைத் திறந்தார். குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து சதவீதம்மா பெயர் எழுதினார். வந்தவர்களில் பாதிப் பேர் ஊசிக்கு வந்தவர்கள் அல்லர். பதிவேட்டைச் சோதிக்க வந்தவர்கள். துணிக்கடைக்காரர் தம் பெயரை விரல் வைத்துப் படித்தார். தம் மனைவி பெயரை, மைத்துனர் பெயரைப் படித்தார். "இருக்கு" என்று மட்டும் சொன்னார். பதிவேட்டை அடுத்தவர் பக்கம் அவரே திருப்பி வைத்தார்.

"தண்ணி குடிச்சியா?" என்றார் நர்ஸக்கா, ஊசியை வெளிச்சத்தில் பிடித்தபடி.

"நீங்க?"

"ரெண்டு பேருமே இல்ல."

கூட்டம் சற்றுக் குறைந்தபோது, எல்லாரும் பார்க்கிறார்களே, நம் வீட்டையும் பார்த்துவிடுவோம் என்று சதவீதம்மா தங்கள் தெருவின் பக்கத்தைப் புரட்டினார். எந்த முகாமில் போட்டாலும் பெயர் கடைசியில் இந்தப் பதிவேட்டில்தான் வந்து சேரும். வீட்டு எண் சரி. நர்ஸக்காவின் பெயர் இருந்தது. தம் பெயர் இருந்தது. அதன் கீழே அடுத்த வீடு தொடங்கியிருந்தது.

பக்கத்தைத் திருப்பினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"அக்கா, உங்க தம்பிக்கு நீங்கதானே போட்டீங்க?"

"நானா? உங்க ஆபீஸ் முகாம்ல உன்கூட வந்து போட்டுக்கிட்டேன்னானே!"

"என்கிட்ட, 'அக்காவே வீட்டுல வெச்சுப் போட்டுட்டா, கை வலிக்குது, வெந்நீர் ஒத்தடம் குடு'ன்னார். நானும் குடுத்தேன்."

நர்ஸக்கா ஊசியைத் தட்டில் வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை என்பது யாருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. தினமும் காய்ச்சல் தெருக்களில் சுற்றும் மனிதர்!

வெளியே தெருமுனையில் குழாய்கள் முழங்கின. "பெரியோர்களே, தாய்மார்களே, கணக்கு தவறிவிட்டது, ஆனால் ஊசி தவறக்கூடாது. தயங்காதீர்கள், தள்ளிப்போடாதீர்கள்..."

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போனார்கள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வண்டி பள்ளிக்கூடத்தை நெருங்கியது. சதவீதம்மா கையைக் காட்டினார். எங்கே கையைக் காட்டினாலும் அந்த வண்டி அவருக்காக நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து அது தவறியதில்லை.

குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். பக்கத்தில் அக்காவைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில், மனைவியின் இடுப்பில் விரித்தபடியே இருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

'தள்ளிப்போடாதீர்கள்' என்ற சொல் பாதியில் நின்றது. குழாய்களில் இஞ்சின் உறுமல் மட்டும் கேட்டது. வண்டி நிற்காமல் அவர்களைக் கடந்து, கரைத்தெருவின் வளைவில் திரும்பி மறைந்தது.